எனது முன்னிலையில்

ஊரப்பாக்கம் ரயில்வே கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருந்த அங்காளம்மாளுக்கு அந்தச் சேதி அவள் கொழுந்தன் மூலமாக வந்தது. கொழுந்தனுக்கு ஒரு ஜல்லி லாரி டிரைவர் சொன்னானாம். லாரி டிரைவருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"லேபர் ஆபீசர் ஒருத்தரு கீறாராம் சார். லுங்கி கட்டிகினு, தலையில துண்டு சுத்திகினு, ஆளோட ஆளா கலவை தூக்கறாராம். ஒரு வாரம் மூச்சு வுட மாட்டாராம். சனிக்கிழமை மேஸ்திரி கூலி குடுக்கறப்ப கைய நீட்டி வாங்கி, எண்ணிப் பாத்துட்டு, இடுப்புலேந்து கார்டு எடுத்துக் காட்டுவாராம். வண்டலூராண்ட ஒரு காண்ட்ராக்டரு அத்தப் பாத்துட்டு அப்டியே மயக்கம் போட்டு வுழுந்துட்டாராம்" என்றாள் அவள், பெஞ்சில் இருந்த சவுரிமுத்துவிடம்.

"இடுப்புலேந்து இல்லக்கா, டிபன் பாக்ஸ்லேந்து" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் திருத்தினான்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சவுரிமுத்துவும் சிரித்தான். ஆனால் கையிலிருந்த கிளாஸில் டீ ஏடு கட்டும்வரை அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"உனக்கு இன்னா சார், நீ கவர்மெண்டு ஆளு" என்றாள் அங்காளம்மாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கோடையில் தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம்வரை சவுரிமுத்துவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பொழிச்சலூரில் அவன் குடியிருந்த சந்தில் அவனை "என்ஜினீயர்" என்றே கூப்பிட்டார்கள். அவன் அப்பா விமான நிலையத்தில் புல் வெட்டும் காண்ட்ராக்டில் கூலியாக இருந்து மகனை ஐ.டி.ஐ.யில் சிவில் படிக்கவைத்தவர். பேபியைப் பெண் பார்க்கப் போனபோது "கவர்மெண்ட் மாப்பிள்ளை" என்று சொல்லித்தான் பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். கல்யாணத்துக்கு அவன் எடுத்த லீவுக்குச் சம்பளம் வரவில்லை என்று தெரிந்தபோதுதான் பேபிக்கு விஷயம் விளங்கியது. மாப்பிள்ளை கவர்மெண்ட்தான், ஆனால் என்.எம்.ஆர். அதாவது வேலைக்கு வந்த நாளுக்குக் கூலி. வராத நாளுக்குக் கிடையாது. சைட்டில் கூப்பிடுவது ஒர்க் இன்ஸ்பெக்டர் என்று. அரசின் கட்டடத் துறைப் பதிவில் அவன் இன்னும் மஸ்தூர்தான், அதாவது கூலியாள்.

என்.எம்.ஆர். ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று எப்போதும் தயாராகிக்கொண்டே இருந்தது. அதில் பெயர் வந்தால் மாதச் சம்பளம், பென்ஷன், வீடு வாடகைக்குக் கேட்டால் கதவைத் திறக்கும் மரியாதை. இரண்டு முறை அவன் பெயர் வரும் வரும் என்று வராமல் போனது. இந்த முறையும் போனால் வயது தாண்டிவிடும். அப்புறம் எந்தப் பட்டியலுக்கும் அவன் ஆள் இல்லை.

ரயில் பாதைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் நடுவில் அரசு ஊழியர்களுக்கான மூன்று மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. காண்ட்ராக்ட் எடுத்தவர் முனிரத்தினம். அதே பக்கத்தில் நெல்லும் கேழ்வரகும் போட்ட குடும்பம். நிலத்தை மனை மனையாக விற்றபின் சிமெண்டுக்கு வந்தவர். துறையின் சார்பில் அந்த சைட்டில் மூட்டை எண்ணவும், கம்பி அளக்கவும், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்று தட்டிப் பார்க்கவும் சவுரிமுத்து இருந்தான். அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எல்லாவற்றையும்விடச் சுலபமானது என்று ஆரம்பத்தில் அவன் நினைத்த வேலை அது.

அரசுக் கட்டட வேலை எடுப்பவர், அரசு நிர்ணயித்த கூலிக்குக் குறையாமல் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை மாதாமாதம் எழுதி அனுப்ப வேண்டும். கூலி கொடுக்கும்போது துறையின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, "மேற்கண்ட கூலி எனது முன்னிலையில் வழங்கப்பட்டது" என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் ஆட்கள் தெரிந்துகொள்ள, கூலி விவரத்தையும் லேபர் ஆபீஸ் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதி ஒரு போர்டு மாட்ட வேண்டும். வேலை தொடங்கிய வாரம் அந்தப் போர்டை எழுதியதே சவுரிமுத்துதான். அவன் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். மேஸ்திரி சம்பத் அதை சிமெண்டு ஷெட்டுக்குள் மாட்டினான். மாட்டியபின் அதன்முன் கூரைவரை மூட்டை அடுக்கினான். மாட்ட வேண்டும் என்றுதான் விதி. யார் கண்ணிலும் பட வேண்டும் என்று தனியாகச் சொல்லவில்லை என்பது சம்பத்தின் வாதம்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் சம்பத் ஷெட் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைப்பான். ஆட்கள் வரிசையாக வந்து கூலிப் பதிவேட்டில் முதலில் பெருவிரல் ரேகை வைப்பார்கள். தொகை எழுதும் கட்டம் அப்போது காலியாகத்தான் இருக்கும். எல்லோரும் வைத்து முடித்ததும் முனிரத்தினத்தின் புல்லட் வந்து நிற்கும். தோல்பையைத் திறப்பதற்கு முன்னால் அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

"சவுரி தம்பி, போய் ஒரு டீ சாப்ட்டு வா."

அவன் போவான். மழையிலும் போனான், பல் வலியிலும் போனான். அங்காளம்மாள் கடையில், சைட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். திரும்பும்போது பட்டுவாடா முடிந்திருக்கும். பெண்கள் விரலில் இருக்கும் மையை ஷெட்டுச் சுவரில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுவர் இடுப்பு உயரத்துக்கு நீலமாகிக் கிடந்தது. சம்பத் நீட்டும் இடத்தில் சவுரிமுத்து கையெழுத்துப் போடுவான்.

குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பெண்ணாளுக்குப் போர்டில் எழுதியதில் பாதியும் கொஞ்சமும். சைட்டில் சுற்றும் நாய்க்கும் அது தெரியும். ஆனால் அவன் பார்த்ததில்லை. தெரிவதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு டீ குடிக்கும் தூரம் இருந்தது. அந்தத் தூரத்தில்தான் அவன் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினான்.

அங்காளம்மாள் சொன்ன சேதி அவனுக்கு முன்பே சைட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சம்பத் அவனை ஒதுக்குப்புறமாக இழுத்தான்.

"சார், பேஜாராப் போச்சு. அந்த ஆபீசரு நம்ப சைட்டுலதான் கீறாரு."

"யாரு?"

சம்பத் கண்ணால் காட்டினான். செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவன் பெயர் லாசரஸ். அந்த வாரம்தான் வேலைக்கு வந்தான். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. போண்டா சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து நீவி, ஒரு எழுத்து விடாமல் படிப்பான்.

"நேத்து நம்ப சித்தாளு கன்னியம்மா தெரியாம அவன் கால மிதிச்சிட்டா. இன்னா சொன்னான் தெரியுமா? பரவாயில்லீங்கன்றான் சார்! கால மிதிச்சா பரவாயில்லீங்கன்றவன் எந்த ஊர்ல சார் செங்கல்லு தூக்கிக் கீறான்?"

சவுரிமுத்துவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பயந்தவனுக்கு எல்லாம் சரியாகத்தான் படும்.

அன்றிலிருந்து லாசரஸுக்கு நிழல் பக்கமாக வேலை கொடுத்தார்கள். டீ அவனுக்கு முதலில் போனது. சம்பத் வாய் தவறி "சார்" என்று கூப்பிட்டு, உடனே இருமினான். லாசரஸ் எல்லாவற்றையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டான். நல்ல சைட் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை முனிரத்தினம் புல்லட்டை நிறுத்தினார். சவுரிமுத்து பழக்கத்தில் கேட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான்.

"தம்பி, இன்னிக்கு டீ வாணாம். இங்கயே நில்லு. என் பக்கத்துல நில்லு" என்றார் முனிரத்தினம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தாளு பாக்கட்டும். எல்லாம் ரூல்படிதான் நடக்குதுன்னு பாக்கட்டும்."

எல்லோருக்கும் ரூல்படி கொடுக்க அவரிடம் மனசும் இல்லை, பையில் அவ்வளவு காசும் இல்லை. அதனால் லாசரஸை வரிசையில் முதலாவதாக நிறுத்தி, போர்டில் எழுதிய கூலியை ஒரு நயா பைசா குறையாமல் எண்ணிக் கொடுத்து, "வூட்டுக்குப் போங்க, மத்தவங்களுக்கு லேட்டாவும்" என்று அனுப்பிவிடுவது என்று சம்பத் யோசனை சொல்லியிருந்தான். யோசனையில் ஒரே ஓட்டைதான். வரிசையில் லாசரஸுக்கு அடுத்து நின்றவள் கன்னியம்மா.

கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை எண்ணத் தெரியும். லாசரஸின் கைக்குப் போனதையும் தன் கைக்கு வந்ததையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி இது? அவரும் செங்கல்லு தூக்குனாரு, நானும்தான் தூக்குனேன். அவரு நெழல்ல தூக்குனாரு, நான் வெயில்ல தூக்குனேன். வெயிலுக்குக் கூலி கம்மியா?"

"ஏய், சும்மா இருடி" என்று சம்பத் அவள் காதருகே போனான். "அவரு ஆபீசரு. லேபர் ஆபீசரு. வேவு பாக்க வந்துகீறாரு."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அவள் மெதுவாகக் கேட்கவில்லை.

"ஓ, ஆபீசரா! அப்போ ஆபீசரு கண்ணுக்கு எதிர்ல குடுக்கறதுதான் நெசக் கூலியா?"

வரிசை அசையாமல் நின்றது. கேட்டு வரை போயிருந்த லாசரஸ் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து திரும்பி வந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

"யாருங்க ஆபீசர்? நான் பம்மல்ல ஒரு தோல் கம்பெனியில டைம் ஆபீஸ் பியூனா இருந்தேங்க. கம்பெனிய மூடிட்டாங்க. அதான் வந்தேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது வரிசை முழுவதும் பரவியது. முனிரத்தினத்தின் முகம் சுட்ட செங்கல் போல ஆனது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கன்னியம்மா மட்டும் சவுரிமுத்துவைப் பார்த்தாள். அவனும் அங்கேதான் நின்றான். முதல் முறையாக, எல்லாம் அவன் முன்னிலையில் நடந்திருந்தது.

சம்பத் பேனாவை நீட்டியபோது அவன் தலைவலி என்றான். திங்கட்கிழமை போடுகிறேன் என்றான்.

திங்கட்கிழமை லாசரஸை கேட்டுக்குள் விடவில்லை. கொடுத்த காசில் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்ததைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அவன் ரேஷன் வாங்கிவிட்டதாகச் சொல்லிவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டுப் போனான். போகுமுன் கேட்டுக்கு வெளியே வைத்து, கன்னியம்மா கேட்டதன் பேரில் லேபர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தான். விலாசம் டைம் ஆபீஸ் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும். அதில் பெண்கள் பெருவிரல் வைத்தார்கள். ஏற்கெனவே எழுதி முடித்த காகிதத்தில் விரல் வைப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. ஒருத்தி தாம்பரம் போய் அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

சவுரிமுத்துவைத் தண்ணீர்த் தொட்டியருகே கன்னியம்மா பிடித்தாள்.

"சார், நீ பாத்த இல்ல?"

அவன் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்த்தான்.

"உன்ன மாட்டிவுடணும்னு எங்களுக்கு இல்ல சார். நீ டீ குடிக்கப் போவறது எங்களுக்குத் தெரியாதா? நாங்க ஒருநாளும் உன்ன ஏசுனதில்ல. ஆனா இந்தத் தபா நீ போவல. நின்ன. ஆபீசரு கேட்டா, பாத்ததச் சொல்லு. அவ்ளோதான்."

"அப்போ இதுக்கு முன்னாடி போட்ட கையெழுத்து எல்லாம்?"

கன்னியம்மா ஜல்லி அள்ளும் இரும்புப் பாண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கையெழுத்தை அந்த வாரம் முழுக்கத் தள்ளிப் போட்டான். பேனாவில் மை இல்லை என்றான், அசிஸ்டென்ட் என்ஜினீயர், அதாவது ஏ.ஈ., முதலில் பார்க்கட்டும் என்றான், நாளைக்கு என்றான். முனிரத்தினம் கோபப்படவில்லை. ஒருநாள் சாயங்காலம் புல்லட்டில் அவனைத் தாம்பரம் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் தன் கஷ்டத்தைச் சொன்னார். "நான் இன்னா வூட்டுக்கா எடுத்துகினு போறேன் தம்பி? டெண்டர்ல ரேட்ட அடிச்சி அடிச்சிக் கொறைக்கறாங்க. பில்லு பாஸ் ஆவறதுக்குள்ள எத்தினி மேசைக்குக் கும்பிடு போடணும்? நெல்லு போட்டப்ப மழையத்தான் திட்டுனேன். இப்ப யாரத் திட்டறதுன்னே தெரியல." இறங்கும்போது தோளில் கைவைத்தார். "உன் பேரு லிஸ்ட்ல கீதாமே. நல்லா இரு."

அந்தக் கை வீடு வந்து சேரும்வரை தோளில் இருந்தது.

பேபி மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பம்மல் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் அவளுக்கு ஆயா வேலை. அவன் சொல்லச் சொல்ல, செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நீ உண்மையச் சொல்லு. நல்ல விஷயம்தான். அப்புறம் வாடகை கேட்டு ஹவுஸ் ஓனரம்மா வந்தா, லேபர் ஆபீசர் வந்து குடுப்பாரா?"

"அப்போ பொய் சொல்லவா?"

"நான் அப்படிச் சொன்னேனா?" பேபி கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க ஸ்கூல்ல மாசா மாசம் ஒரு தொகைக்கு கையெழுத்துப் போட்டுட்டு வேற தொகை வாங்கறேன். உனக்குத் தெரியும். என்னைக்காவது ஏன்னு கேட்டிருக்கியா? நானும் உன்ன என்னைக்காவது டீ எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருக்கேனா?"

அவன் தரையில் தெறித்துக் கிடந்த செதிலை விரலால் ஒதுக்கினான்.

"அந்தப் பொம்பளைங்களுக்காவது நீ ஒருத்தன் நின்னு பாத்திருக்க" என்றாள் பேபி. சொன்ன பிறகு, சொன்னது தனக்கே பிடிக்காதவள்போல மீன்சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எந்தப் பக்கம் தள்ளுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இரண்டு நாள் கழித்து ஏ.ஈ. அவனைக் கூப்பிட்டனுப்பினார். சைட்டின் மூலையில் தகரம் வேய்ந்த அறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு பீரோ, ஒரு கறுப்பு டெலிபோன். ஏ.ஈ. தட்சிணாமூர்த்தி யாரையும் வாடா போடா என்று பேசாதவர். அதனாலேயே அவர் சொல்வதை மறுத்துப் பேசுவது சிரமம். முனிரத்தினம் ஏற்கெனவே அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சவுரிமுத்து, லேபர் ஆபீஸ்லேருந்து போன் வந்தது. ஒரு கம்ப்ளெயின்ட் போயிருக்காம். நீங்கதானே விட்னஸ், உங்ககிட்டயே பேசணும்னாங்க. இன்னிக்குப் பதினோரு மணிக்கு மேல திரும்பப் பண்றாங்களாம்."

"சார்..."

"பயப்படாதீங்க. ஒரே கொஸ்டின்தான் கேப்பாங்க. உங்க முன்னிலையில கொடுத்தாங்களான்னு. ஆமான்னா ஃபைலை க்ளோஸ் பண்ணிடுவாங்க. இல்லேன்னா நேர்ல என்கொயரிக்கு வருவாங்க. வந்தா பழசெல்லாம் எடுப்பாங்க. எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. என்னோடது இல்லை." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, கான்கிரீட்டின் கலவை விகிதத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "இன்னொண்ணு, பர்மனென்ட் லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்கு. நாளைக்கு டிவிஷன் ஆபீசுக்குப் போகணும். உங்க பேர் இருக்கு. நான் மறக்கலை."

போன வாரத்துப் பதிவேடு மேசைமேல் விரித்திருந்தது. எல்லாக் கட்டமும் போர்டில் எழுதிய கூலியால் நிறைந்திருந்தது. அடியில் அவனுக்கான இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"இதையும் அப்படியே போட்டுடுங்க" என்றார் ஏ.ஈ.

அவன் பேனாவை எடுத்தான். எடுத்து, மூடி போட்டு, வைத்தான். "போன் பேசிட்டுப் போடறேன் சார்" என்றான். வேண்டுமென்று சொன்னதல்ல, வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஏ.ஈ. முனிரத்தினத்தைப் பார்த்தார். முனிரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் எழுந்தார்கள்.

"நீங்க பேசுங்க. நாங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்காது" என்றார் ஏ.ஈ. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே.

"ஆமா தம்பி" என்றார் முனிரத்தினம். "நாங்க போய் ஒரு டீ சாப்ட்டு வர்றோம்."

ஜன்னல் வழியாக சவுரிமுத்து அவர்களைப் பார்த்தான். தண்டவாளத்தைத் தாண்டி, மெதுவாக, வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்கள். அங்காளம்மாள் பெஞ்சைத் துடைத்துவிட்டாள். இருவரும் சைட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அவன் எப்போதும் உட்காரும் பெஞ்சுதான். அங்கே உட்கார்ந்தால் இந்தப் பக்கம் நடப்பது எதுவும் தெரியாது என்பது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அவனும் எழுந்து போய்விடலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பெஞ்சில் இன்று அவனுக்கு இடமில்லை. டீ குடிக்கப் போகும் வேலையை இப்போது அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நின்று பார்க்கும் வேலைதான் அவனுக்கு மிச்சம்.

செங்கல்பட்டு மின்ரயில் ஒன்று தகரம் அதிரக் கடந்து போனது. அது போனபின் ஒரு நிமிஷம் சைட்டில் சத்தமே இல்லை. கலவை மெஷினை நிறுத்தியிருந்தார்கள்.

போன் அடித்தது.

வாசலுக்கு நேரே ஜல்லிக் குவியலில், பாண்டைத் தலையில் ஏற்றப்போன கன்னியம்மா அதை மறுபடி கீழே இறக்கினாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஒருத்தியும் நகரவும் இல்லை.

சவுரிமுத்து ரிசீவர்மேல் கையை வைத்தான். மணியின் அதிர்வு உள்ளங்கையில் ஏறி முழங்கைவரை போனது. "ஆமாம்" என்று ஒரு முறை, சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தான். "இல்லை" என்றும் சொல்லிப் பார்த்தான். இரண்டும் வாய்க்குள் ஒரே கனம்தான் இருந்தது.

டீக்கடையில் இருந்த இருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மேசைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது.